மைனஸில் உட்கார்ந்த அப்பா

என் கல்யாணத்துக்கு மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. ஒரு தலை கூடினாலும் விடமாட்டோம் என்று சிராங்கூன் ரோட்டு மண்டப மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் அம்மா எக்செல்லில் இறங்கினாள்.

அம்மா சரஸ்வதி, சமூக மன்றத்தில் மூன்று சனிக்கிழமை எக்செல் வகுப்புக்குப் போனவள். அந்த மிதப்பு எங்கள் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தெரியும். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் எத்தனை பேர், அதற்கடுத்ததில் மீதி நாற்காலி. விருந்தாளி சேரச் சேர மீதி இறங்கும்.

"இனியா, சீட்டு எங்க மைனஸாகுதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஃபார்முலா போடு. உருட்டி உருட்டிக் கண்ணு வலிக்குது."

போட்டேன். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகும் முதல் வரிசை எது என்று கேட்கும் ஃபார்முலா. கடைசி வரிசையைக் காட்டியது. அங்கே இருந்தது சுந்தரம், பூன் லே. என் அப்பா. மீதி, மைனஸ் ஒன்று.

"நான் என்ன பண்றது? கம்ப்யூட்டரே இடமில்லைங்குது" என்றாள் அம்மா, ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு.

கடைசியில் யாரைப் போட்டாலும் அவர்தான் மைனஸ் ஆவார். இது தெரியாத பாப்பாவா நான்? எட்டு வருஷத்துக்கு முன் எங்களை விட்டுவிட்டுப் போய் பூன் லேயில் வேறு கல்யாணம் செய்துகொண்டவர் அப்பா. அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கல்யாணத்தில் எனக்கு அப்பா வேண்டும். அவ்வளவுதான்.

யாரைக் குறைக்கலாம் என்று பட்டியலின் தலைக்குப் போனேன். இத்தனை நாள் அடியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே தூக்கிவாரிப்போட்டது.

பிள்ளையார், ஒன்று. காளியம்மன், ஒன்று. பெருமாள், மூன்று. முருகன், மூன்று.

"அம்மா, சாமிக்கெல்லாம் எதுக்கு நாற்காலி?"

"முதல் பத்திரிகை சாமிக்குத்தானே வைக்கறோம்? கூப்பிட்டுட்டு உக்கார இடமில்லைன்னா எப்படி?"

"குடும்பத்தோட வேற வர்றாங்களா?"

"பின்ன? வள்ளியையும் தெய்வானையையும் வீட்டுல விட்டுட்டா வருவாரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டி, மூணு சீட்டு. அப்பாவுக்கு மட்டும் மைனஸா?"

"முருகன் ரெண்டு பேரையும் கூடவே வெச்சிருக்காருடி. ஒருத்தியையும் விட்டுட்டு ஓடல லா."

"எனக்கு அப்பா வேணும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு சாமிக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எண்ணை அழித்து பூஜ்யம் அடித்தாள். முருகனிடம் வந்ததும் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

"சாமி நிக்கும்" என்றாள். "உங்கப்பாவுக்கு முட்டி வலி."

ஃபார்முலா இருந்த கட்டத்தில் எண் மறைந்து, என்னவோ எழுத்து வந்தது. அம்மா பதறினாள். "ஐயோ, எர்ரர் காட்டுதே! சாமி குத்தமா?"

"இல்லம்மா. எங்கயும் மைனஸே இல்லையாம். அதான் ஒண்ணும் கிடைக்கலங்குது."

அம்மா பட்டியலின் அடிவரை உருட்டிப் போய், அப்பா பெயருக்கு நேரே இருந்த 'ஒன்று' என்ற எண்ணை விரலால் தட்டினாள்.

"இது ஒண்ணாவே இருக்கட்டும். ரெண்டாக்கினே, நான் முருகனைத் திரும்பக் கூப்பிட்டுடுவேன்."