குழாய் வாயில் சிவப்புக் கோடு

கம்பியை இழுக்கும் ஜாக்கியின் முள் இருபது டன்னைத் தொட்டதும் என் கை தானாக அழுத்தத்தை இறக்கும் வால்வுக்குப் போனது. கம்பி நூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. இருபது வருஷமாக இரும்புக் கம்பி இழுத்தவன் நான். இந்தப் பாரத்துக்கு அது முப்பதைத் தாண்டினாலே பிடி நழுவுகிறது என்று அர்த்தம். போச்சு, மானம் கப்பலேறியது!

"கையை எடுங்க," என்றாள் என் மனைவி.

எங்களுக்கு முன்னால் தடுப்புச்சுவர், அதன் மேலே ஒரு வரிசை வீடுகள். சுவர் சரியாமலிருக்க, துளை போட்டு மண்ணுக்குள் கம்பியை ஆழப் பதித்து இழுத்துப் பூட்டுவதுதான் எங்கள் தொழில். போன முறை வைத்த இரும்பை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. அதனால் இப்போது துருவே பிடிக்காத கண்ணாடி இழைக் கம்பி. ஆனால் இரும்பைப் போல இதைப் பல் வைத்த ஆப்பால் கவ்வ முடியாது. நான் வீம்புக்கு ஒரு துண்டைக் கவ்விப் பார்த்தேன். கரும்புச் சக்கையாக நசுங்கியது. கம்பியின் தலையை இரும்புக் குழாய்க்குள் விட்டுப் பிசின் ஊற்றி இறுக வைத்து, அந்தக் குழாயைப் பிடித்து இழுக்க வேண்டும். பிசின் ஊற்றுவது அவள் வேலை. "உன் பிளாஸ்டிக் கயிறு" என்று ஒரு மாதம் வீட்டில் கேலி செய்தேன். இந்த முதல் கம்பி தோற்றால் மீதி நாற்பதும் இரும்புதான். அவள் பிசின் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

"நழுவுது! தெரியலையா உனக்கு?"

"நழுவல, நீளுது. இது இரும்பைவிட நாலு மடங்கு நீளும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கோட்டைப் பாருங்க."

பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். குழாயின் வாயில், கம்பியின்மேல் அவள் போட்டிருந்த சிவப்புக் கோடு. நழுவியிருந்தால் அது குழாயை விட்டு விலகியிருக்கும். மயிரிழைகூட நகரவில்லை.

முப்பது டன் வரை ஏற்றினோம். பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தோம். முள் அசையவில்லை. பக்கத்தில் நின்று அளவைக் குறித்துக்கொண்டிருந்த இன்ஜினியர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"குழாய் நிரப்புனது யாரு?"

"என் சம்சாரம் சார்!" ஜாக்கியின் பம்பு சத்தத்துக்கும் மேலே கத்திவிட்டேன். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. ஏதோ நானே ஊற்றியது போல!

அவள் சிரிக்கவில்லை. பெயிண்ட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த கம்பிக்கு நீங்க போடுங்க."

தூரிகையை வாங்கினேன். முப்பது டன் இழுத்த கைக்குத் தூரிகை பழக்கமில்லை. கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள், அழிக்கவில்லை. ஈரம் காயட்டும் என்று மெதுவாக ஊதினாள்.