வயலின் முடியும்வரை கிளற வேண்டும்

பண்டிகை நாளில் காலைப் பலகாரம் முடிந்ததும் ரசிகர் துவைத்த வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். கையில் கரண்டி இல்லை, டேப் ரிக்கார்டர் இருந்தது. பின்னாலேயே அவர் மனைவி வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வருடத்தில் ஒருநாள்தான் அவர் அடுப்பைத் தொடுவார். அந்த ஒருநாளுக்காக வீடு முழுக்க ஒதுங்கி நின்று வழிவிடும்.

ரசிகர் என்பது வீட்டார் வைத்த பேர் இல்லை. அவரே வைத்துக்கொண்டது. எடை அளவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை, தேய்ந்திருந்தால் அபராதம் என்று காலத்தை ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கி, ‘ரசிகன்’ என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மரியாதைக்காக மைத்துனர் அதில் ‘ர்’ சேர்த்தார். அந்த மரியாதையில் எவ்வளவு மரியாதை என்று ரசிகர் ஆராயவில்லை.

வருடா வருடம் பண்டிகைக் காலையில் வலைப்பூவில் ஒரு கட்டுரை வரும். அவர் நெஞ்சுக்கு நெருக்கமான மூன்றைப் பற்றி: ஒரு புத்தகம், ஒரு வயலின், ஓர் இனிப்பு. உண்மையில் மூன்றும் ஒன்றுதான். இளவயதில் அவர் படித்த பயணக் கட்டுரைத் தொகுதி ஒன்றில், கடிகாரமே இல்லாத ஒரு சமையற்காரர் பாட்டுப் பாடியே பதம் பார்ப்பதாக ஒரு பக்கம் வரும். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். ரசிகர் போகவில்லை. மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த வில்லை இனிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கிளறிப் பார்த்தார். ஒரு வயலின் இசை சரியாகப் பொருந்தியது. அது தொடங்கும்போது மாவைக் கொட்ட வேண்டும், முடியும்போது இறக்க வேண்டும். அந்த முதல் வருடம் வில்லை வாயில் வைத்ததும் கரைந்தது. புதுமனைவி, கேட்காமலே, இரண்டாவது வில்லைக்குக் கை நீட்டினாள். அந்தக் கையை நினைத்துத்தான் இன்றுவரை அவர் கரண்டி பிடிக்கிறார். இதைக் கட்டுரையில் எழுதியதில்லை. ரசிகனுக்குக் கொஞ்சம் கௌரவம் வேண்டாமா?

இந்த வருடக் கட்டுரையை மருமகள் காலையிலேயே படித்துவிட்டாள். வந்து முதல் பண்டிகை. ‘வருடம் ஏற ஏற அந்த வயலின் எனக்குள் ஆழமாகிக்கொண்டே போகிறது. அதே வில், அதே தந்தி. ஆனால் முன்பு கேட்காத நிதானம் இப்போது கேட்கிறது. கேட்பவன் முதிர முதிர இசையும் முதிர்கிறது’ என்ற இடத்தில் அவளுக்குக் கண் கலங்கியேவிட்டது. உடனே தேடிப் பிடித்து அதே இசையை ஃபோனில் இறக்கி வைத்திருந்தாள்.

“மாமா, அந்த வயலினை ஃபோன்ல எடுத்து வச்சிருக்கேன். இரைச்சலே இல்லாம சுத்தமா இருக்கு. அதைப் போடட்டுமா?”

ரசிகர் புன்னகைத்தார். விவரம் தெரியாதவர்களிடம் பெருந்தன்மையாக இருப்பது அவருக்குப் பிடித்த வேலை. “அதெல்லாம் சரிம்மா. ஆனா ஃபோன்ல சத்தம்தான் வரும். இதுல சங்கீதம் வரும்.”

அவள் முகம் வாடியது. வாசலில் சாய்ந்து நின்ற மைத்துனருக்கு இது போதுமானதாக இருந்தது. “அதென்ன அத்தான், பொண்ணு ஆசையா எடுத்துட்டு வந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போடுங்க. எது ஒசத்தின்னு எங்களுக்கும் தெரியட்டும். எங்க காதும் காதுதானே?”

“போட்டுட்டாப் போச்சு, மாப்ளே.”

பாகு வந்தது. மாவைக் கொட்டினார். டேப்பும் ஃபோனும் ஒரே சமயத்தில் தொடங்கின. ரசிகர் வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டார். எப்போதும் கண்ணை மூடித்தான் கிளறுவார், காது விழித்திருக்க வேண்டும் என்பதற்காக.

முதல் இழுப்பிலேயே இரண்டும் ஒட்டவில்லை. ஃபோன் வயலின் சுருதியில் ஒரு பிடி மேலே நின்றது. “கேட்டியா, கீச்சுங்குது,” என்றார் கண்ணைத் திறக்காமல். கொஞ்ச நேரத்தில் அது ஓடத் தொடங்கியது. டேப் பின்தங்கி, கை பிடித்துக் கூட்டிப்போக ஆள் தேடுவதுபோல வந்துகொண்டிருந்தது. “அவசரம். இந்தக் காலத்து அவசரம். நடுவுல எதையோ வெட்டிட்டான்.” ஆனால் எதுவும் வெட்டப்படவில்லை. தனக்கு மனப்பாடமான ஒவ்வொரு வளைவும் ஃபோனில் முதலில் வந்து, அப்புறம், வெகுநேரம் கழித்து, டேப்பில் வந்தது. ஒரே வயலின், ஒரே வாசிப்பு. அவர் கை தானாக மெதுவானது.

ஃபோன் முடிந்தது. டேப் பாதி தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“ஏங்க,” என்றாள் மனைவி. கிளறும்போது அவள் பேசி அவர் கேட்டதில்லை. “இறக்கிடுங்க.”

ரசிகர் கண்ணைத் திறந்தார். நெய் நுரைத்துப் பொங்கி, மாவு ஓரம் விட்டுத் திரண்டு, வாணலி நடுவில் சேர்ந்து நின்றது. யாரும் பாட வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். இறக்கினால் டேப் தப்பென்று ஆகும். டேப் தப்பென்றால் அந்த ஆழம், அந்த நிதானம், முதிர்ச்சி எல்லாம் டேப் ரிக்கார்டருக்குள்ளே கேசட்டைச் சுற்றவைக்கிற, நைந்துபோன ஒரு ரப்பர் வளையத்தின் வேலை. கட்டுரைக்கு அதற்குள் நாலு பேர் ‘அருமை’ போட்டிருந்தார்கள்.

எந்தக் காலத்திலோ அபராதம் போட்ட ஒரு மளிகைக்காரர் சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தார். “படிக்கல் இவ்வளவு தேஞ்சிருக்கு, உனக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று அன்று சீறியிருந்தார். “தினம் தூக்கறவனுக்குத் தெரியாதுங்க ஐயா” என்றார் அந்த மனுஷன். சாமர்த்தியமான பொய் என்று நினைத்து அபராதத்தைக் கூட்டிப் போட்டது இப்போது உறுத்தியது.

டேப் இழுத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் நிறம் மாறத் தொடங்கியது.

அவர் வாணலியை இறக்கித் தட்டில் கொட்டினார். பிறகு, தோள்களை நிமிர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் ரசனை.”

“அடேங்கப்பா,” என்றார் மைத்துனர்.

வில்லை போடும் நேரம் ஆனதும் மகன் சுத்தியலோடு உள்ளே வந்தான். யாரும் கூப்பிடவில்லை, அப்பா கூடத்துக்குப் போயிருக்கும் அந்நேரத்தில் வருடா வருடம் வருகிற பழக்கம். கத்தி தட்டில் வெண்ணெய்க்குள் போவதுபோல இறங்குவதைப் பார்த்ததும் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மனைவி பக்கத்து அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்த பால் பாத்திரத்தை இறக்கி ஓரமாக வைத்தாள்.

“அந்தப் பால் எதுக்கு?” என்றார் ரசிகர்.

மனைவி பாத்திரத்துக்கு மூடி தேடினாள். மருமகள் மட்டும், எல்லோர் முகத்தையும் பார்த்து, தெரிந்துகொள்ள ஆவலாக நின்றாள்.

“உங்க இனிப்பைக் குளிப்பாட்ட,” என்றார் மைத்துனர். “வேற எப்படித்தான் திங்கறது? எனக்கு இருக்கறதே கொஞ்சம் பல்லு.”

ரசிகர் மனைவியைப் பார்த்தார். “எத்தனை வருஷமா?”

அவள் யோசித்தாள். பாத்திரத்தை மூடியபடி சொன்னாள்: “அந்த வயலின் ஆழமாக ஆரம்பிச்சதுலேருந்து.”

மைத்துனர் சிரிக்க வாயைத் திறந்தவர், ஏனோ மூடிக்கொண்டார். இத்தனை வருடமும் பாலில் ஊற வைத்து, அவர் பார்க்காத நேரத்தில், ஒரு வில்லைகூட வீணாக்காமல் தின்று தீர்த்திருக்கிறார்கள். தான் ருசி பார்க்காமலே, ஒவ்வொரு வருடமும் காலித் தட்டைப் பார்த்துத்தான் அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். சிறுமையாக உணர வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நெஞ்சு சொன்ன பேச்சைக் கேட்காமல் விம்மி நின்றது. கல்லையும் ஊற வைத்துத் தின்கிற ஒரு வீடு யாருக்கு வாய்க்கும்?

தட்டைத் தானே எடுத்தார். முதலில் மருமகளிடம் போகவில்லை, மகனிடமும் போகவில்லை. மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரு வில்லையை எடுத்து வாயில் வைத்தாள். மெல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“டேப்பை நிறுத்தட்டுமா மாமா?” என்றாள் மருமகள் மெதுவாக.

“இருக்கட்டும்மா.”

வயலின் இறங்கும் இடத்துக்கு வந்திருந்தது. முட்டி வலிக்கிற ஒருவர் மாடிப்படி இறங்குவதுபோல, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கியது. அதைக் கேட்டபடி ரசிகர் தட்டை நீட்டியே நின்றார். கண்ணைத் திறக்காமலே மனைவியின் கை, இன்னொரு வில்லைக்காகத் தட்டின் விளிம்பைத் தடவித் தேடியது.