தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி

ஆலை வாசலில் நிர்வாகம் காவல்காரர்கள் கையில் துப்பாக்கி கொடுத்து நிறுத்திய வருஷத்திலிருந்தே குஞ்சம்மாளுக்குத் தேவதாஸைத் தெரியும். அவர் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. குஞ்சம்மாளோடு நூல் சுற்றும் பிரிவுப் பெண்களெல்லாம் வெயிலில் உட்கார்ந்திருக்க, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் துப்பாக்கிகளுக்கு நேரே போய் நின்றார் அவர். யாரும் சுடவில்லை. மறுநாள் காவல்காரர்கள் வெறும் தடியோடுதான் வந்தார்கள். பிற்பாடு சட்டசபைக்குப் போனபோதும், சம்பளத்துக்கு நிற்கிறவன் கையில் உயிரெடுக்கும் சாமான் எதற்கு என்று அவர் பேசினார். அந்தப் பேச்சை முதலியார்பேட்டைத் தெருக்களில் வரி பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவள் குஞ்சம்மாள்.

அதனால் எண்பத்தைந்தாம் வருஷத் தேர்தலில் அவர் மறுபடி நின்றபோது இவளை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆலை வேலையை விட்டு, ரொட்டி சுடும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதற்கும் லீவு சொல்லிவிட்டு வீடு வீடாகப் போனாள். துப்பாக்கிக்கு மார்பைக் காட்டின மனுஷன் என்று சொன்னால், அந்தக் காலத்தை அறிந்த பெண்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்பார்கள்.

ஒருநாள் காலையில் கட்சி ஆபீசுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பும் மணிலாக் கடலைக் கொல்லையும் வைத்திருக்கும் ராமலிங்கம் இறங்கினார். குஞ்சம்மாளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தேர்தல் முடிகிறவரை லைசென்சுத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கொடுத்துவிட்டு நேரே இங்கே வருகிறேன் என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் சிபாரிசு பண்ணி வாங்கிக் குடுத்த லைசென்சாச்சே. அவுரு எலெக்சனுக்கு நாம மொரண்டு பண்ணலாமா?"

குஞ்சம்மாள் கையிலிருந்த நோட்டீஸ் கட்டை பெஞ்சின் மேல் வைத்தாள். அந்தத் துப்பாக்கி எதுவென்று அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பி அம்மாவாசை ராமலிங்கத்தின் கொல்லையில்தான் வேலை செய்தான். போன வருஷம் மணிலா பிடுங்கும் சமயம், விடியற்காலை இருட்டில் வரப்போரம் குனிந்திருந்தவனைப் பன்றி என்று நினைத்து ராமலிங்கம் சுட்டுவிட்டார். இடது முழங்காலில் ரவை பாய்ந்தது. அவரே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டார், வேலையை விட்டும் நிறுத்தவில்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, போலீசுக்குப் போக வேண்டாம் என்று முடித்தார்கள். அம்மாவாசை தலையாட்டினான். அன்றிலிருந்து அவன் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான்.

அன்று அவளால் எந்த வீட்டிலும் வாய் திறக்க முடியவில்லை. நெல்லித்தோப்புப் பக்கம் போக வேண்டியவள் பாதித் தெருவில் திரும்பினாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சாயங்காலம் தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மாவாசைக்குக் கோபம் அக்காள் மேல்தான் வந்தது. முதலாளி வேலை கொடுக்கிறார், பிழைப்பு ஓடுகிறது, அந்தத் துப்பாக்கி யார் சொல்லி வந்தால் என்ன என்றான். பன்றி வந்து ஒரு ராத்திரியில் அரைக்காணி மணிலாவைக் கிளறிப் போடுவதை அவள் பார்த்ததுண்டா என்றும் கேட்டான். அவள் அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டான்.

தேவதாஸைத் தனியாகப் பிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜீப்பில் ஏறுமுன் நிறுத்திக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. விவசாயிகள் வந்து அழுதார்கள், பன்றித் தொல்லைக்குச் சொன்னேன், ஆள் மேல் படும் என்று கண்டேனா என்றார். அம்மாவாசைக்கு நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டதும் முகம் வாடிவிட்டது. கடைசிக் கூட்டத்தில் இதை நானே சொல்லிவிடுகிறேன், நீ மனசை அலட்டிக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிக் கூட்டம் முதலியார்பேட்டையில் நடந்தது. குஞ்சம்மாள் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்தாள். தேவதாஸ் குடிதண்ணீரைப் பற்றிப் பேசினார், ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினார். ஆலை வாசலுக்கு வந்ததும் கைதட்டல் எழுந்தது. துப்பாக்கிக்குப் பயப்படாதவன் ஓட்டுக்கா பயப்படுவேன் என்று கேட்டார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் வணக்கம் சொல்லித் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

அவள் எழுந்தாள். மேடையில் அவளைத் தெரியாதவர் இல்லை, நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். மைக்கில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"தவளக்குப்பத்துல ஒரு துப்பாக்கி இருக்குது. அதால என் தம்பி கால் போச்சு. அதுக்கு லைசென்சு வாங்கிக் குடுத்தது நம்ம அண்ணன். இப்ப அது ஸ்டேஷன்ல இருக்குது. ஓட்டுப் போடற வரைக்கும் நம்ம உசுரு மேல கவர்மெண்டுக்கு அக்கற. ஓட்டு முடிஞ்ச மறுநாளு அது திரும்பவும் தோப்புக்குப் போவும். போவலாமாண்ணே?"

ஒருவர் மைக்கை அணைக்கக் கை நீட்டினார். தேவதாஸ் தடுத்துவிட்டு அவளருகே வந்து நின்றார்.

"சிபாரிசு நான்தான் பண்ணேன். ஜெயிச்சி வந்தா அது வாணாம்னு கலெக்டருக்கு நானே எழுதறேன்."

"ஜெயிக்காட்டியும் எழுதலாமேண்ணே."

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு மேடையை விட்டு இறங்கினார்.

தேவதாஸ் தோற்றுப்போனார். குஞ்சம்மாளின் வாய்தான் தோற்கடித்தது என்று கட்சிக்காரர்கள் பேசினார்கள். தெருவில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டதாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். ரொட்டிக் கிடங்கில் மாவு பிசையும்போதும், துப்பாக்கி இந்நேரம் திரும்பியிருக்குமோ என்ற நினைப்பே ஓடியது.

ஒருநாள் தேவதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார். கூட வந்தவர்கள் யாரும் இல்லை. மனு எழுதிவிட்டேன், கிளம்பு என்றார்.

கலெக்டர் ஆபீசில் இருந்த அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். படித்துவிட்டு, சிபாரிசு செய்தவரே வேண்டாம் என்று சொல்வது நல்லதுதான், துப்பாக்கியும் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது, ஆனால் சுடப்பட்டவர் வந்து சொன்னால்தான் திருப்பிக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து விசாரிக்க முடியும் என்றார். கூட்டத்தில் பேசியபோது அவளிடம் இல்லாத பயம் அப்போது வந்தது. தம்பியைக் கேட்காமலே அவன் பிழைப்பை ஊருக்கு முன்னால் இழுத்துப் போட்டவள் அவள். இனி எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவாள்?

ஆனாலும் போனாள். தேவதாஸும் வந்தார். அம்மாவாசை அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எனுக்கு வேல போயிடுச்சி தெரியுமா?" என்று அக்காளைப் பார்த்துக் கேட்டான். "கூட்டத்துல நீ பேசனது மறுநாளே மொதலாளிக்குத் தெரிஞ்சிபோச்சி. நான்தான் சொல்லச் சொன்னன்னாரு."

தேவதாஸ் சொன்னார்: "தப்பு எங்கிட்ட, தம்பி. அவளக் கோச்சிக்காத."

"ஒங்கள ஒண்ணும் கேக்கலங்க."

அக்காள் வந்த காரியத்தைச் சொல்லி முடித்தபின் அவன் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்தான். நியாயத்துக்காகப் போகிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. போனதுதான் போச்சு, சொல்லிவிட்டாவது வருகிறேன் என்றான்.

மறுநாள் அதிகாரி முன்னால் அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். வேண்டுமென்று சுடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். இருட்டில் பன்றிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்குத் துப்பாக்கி வேண்டாம், அவ்வளவுதான் என்றான். விசாரணை முடிகிறவரை ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் என்று உத்தரவானது. ராமலிங்கம் வக்கீல் வைத்தார்.

அம்மாவாசை தவளக்குப்பம் கூட்டுரோட்டில் வாழைத்தார் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். தார் தூக்க முடியாது, எடை பார்க்க வைத்தார்கள். கூலி முன்னைவிடக் குறைவு. குஞ்சம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி வாங்கிக்கொண்டு போவாள். சில நாள் பேசுவான், சில நாள் எடைக்கல்லைப் பார்த்தபடியே இருப்பான். அவன் பேசின நாளிலும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மண்டி வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று; என்னவாயிற்று என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொள்வாள்.