ஏழு வினாடிப் பேச்சு

ஒரு பழைய பிரிட்டிஷ் ராக் குழு பாடிய ப்ளூஸ் பாட்டுகளையெல்லாம் ஒரே ஆல்பமாகத் தொகுப்பது என் வேலை. அதில் ஒரு பாட்டுக்கு முன்னால் பாடகர் ஏழு வினாடி பேசுகிறார்: "இது எங்க பாட்டு இல்ல. ஒரு பெரியவர்கிட்ட சுட்டது. அவர்கிட்ட இன்னும் சொல்லல."

எங்கள் மேனேஜருக்கு ஸ்டுடியோவில் கத்திரி என்று பெயர். அந்தப் பேச்சைக் கேட்டதுமே அவர் முகம் சுண்டிவிட்டது.

"அந்தப் பேச்ச வெட்டிடும்மா. அட்டையில பாட்டு குழுவோடதுன்னு அச்சடிச்சாச்சு."

"சுட்டவரே ஒத்துக்கிட்டாரு சார். உங்களுக்கு ஏன் நெஞ்சு குறுகுறுக்குது?"

"சொன்னதச் செய்."

செய்தேன். கத்திரி அந்த ஒரு பாட்டை மட்டும் ஓடவிட்டார். பேச்சு இல்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு வெட்டச் சொல்லத்தான் தெரியும், முழுசாகக் கேட்கத் தெரியாது.

வெளியீட்டன்று, பத்திரிகைக்காரர்கள் நிறைந்த அறையில் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டார்கள். முதல் பாட்டுக்கும் முன்னால், துளி இசையும் இல்லாமல், அந்தக் குரல்தான் வந்தது. பேனாக்கள் ஓடத் தொடங்கின.

"வெட்டச் சொன்னேனே" என்று பல்லைக் கடித்தார் கத்திரி.

"வெட்டிட்டேன் சார். எங்க ஒட்டக்கூடாதுன்னு நீங்க சொல்லலையே."