அவள் அழுத்தினாள்

தக்காளி அரைக்கும் இயந்திரத்தின் சிவப்புப் பட்டனை ரவ்தா காலையிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்தியபோதெல்லாம் இயந்திரம் நின்றது. காளான் குடை மாதிரியான பட்டன் அது. அழுத்தினால் உள்ளே போய் அப்படியே பிடித்துக்கொள்ளும், திருகினால்தான் மேலே வரும். திருகுவாள், வெறும் இயந்திரத்தை ஓட விடுவாள், மறுபடி அழுத்துவாள். உள்ளே சுழலும் இரும்புத் தண்டு ஒரு சுற்றுகூட முடிக்காமல் அடங்கிவிடும்.

வெளியே கோர்பா ஊர்ச் சாலையில் தக்காளி லாரிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. அடித்தட்டுப் பெட்டிகளிலிருந்து சாறு சொட்ட ஆரம்பித்திருந்தது. ஆலை மேலாளர் நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போதுமா?" என்றார் நிஸார். இயந்திரத்தை ஆட்டிவைக்கும் மின்பலகையைச் செய்து விற்கிற, தலைநகரை ஒட்டிய அரியானா ஊர் நிறுவனம் அவருடையது. ரவ்தா அவரிடம்தான் வேலை பார்க்கிறாள். "பட்டன்ல ஒரு குறையும் இல்ல. அந்தப் பொம்பள அழுத்தவே இல்ல. பயத்துல அழுத்தினதா நெனச்சுக்கிட்டிருக்கா, பாவம்."

மேலாளர் தலையாட்டினார். அவருக்கு வேண்டியதும் அந்த வார்த்தைதான்.

அந்தப் பொம்பளையின் பெயர் மன்னூபியா. அடைத்துக்கொண்ட தக்காளித் தோலை எடுக்கப் போனபோது இயந்திரம் அவள் வலது கையை இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் ஓடிப்போய் ஆலையின் மின்சாரத்தையே நிறுத்தினான். அதற்குள் முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

வாசலில் அவளுடைய கணவன் தாஹர் நின்றிருந்தான். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

"என்ன சொன்னாங்க தங்கச்சி?"

"பட்டன் வேலை செய்யுதாம்."

அவன் தரையைப் பார்த்தான். "அவ கொஞ்சம் கவனக்கொறவுதான். பால் பொங்கி வழிஞ்சாக்கூட வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பா."

நிஸாரின் காரில் அரியானாவுக்குத் திரும்ப வேண்டியவள் ரவ்தா. தாஹர் அப்படிச் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாபுல் நகரில் ஒரு வேலை இருப்பதாக நிஸாரிடம் சொல்லிவிட்டு, ஷேர் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மன்னூபியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரென்று கேட்டாள். சொன்னதும் திரும்பினாள்.

"அப்ப நான் அழுத்தலன்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போக வந்திருக்க."

"இல்லக்கா. என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"இதுவரைக்கும் யாரும் கேக்கல. இடது கையால அழுத்தினேன். நிக்கல. அது உள்ள போயே கெடந்துச்சு. முஷ்டியால குத்தினேன். தலையால முட்டினேன் தங்கச்சி, தலையால. நெத்தியப் பாரு."

நெற்றியில் பச்சையும் மஞ்சளுமாக வீக்கம் இருந்தது.

"அப்ப வேற எதாவது பாத்தீங்களாக்கா? சத்தம், வெளக்கு, ஏதாவது?"

"என் கை போயிக்கிட்டிருந்துச்சு, நான் வெளக்கப் பாப்பேனா?" என்றாள். பிறகு, "பாத்தேன். தொட்டி நெறஞ்சா எரியுமே மஞ்ச வெளக்கு, அது பைத்தியம் புடிச்ச மாதிரி படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நுரை பொங்குற நாள்ல அப்படித்தான் அடிக்கும். மிதவை மேலயும் கீழயும் ஆடும்ல."

ஆலையில் ரவ்தா சோதித்தது காலி இயந்திரம். தொட்டியில் தக்காளியும் இல்லை, நுரையும் இல்லை. மிதவை அசையவே இல்லை.

மறுநாள் காலை அரியானாவில் மேசைமேல் அதே பலகையை வைத்தாள். ஒரு சின்ன மோட்டாரை மாட்டினாள். மிதவை இருக்கவேண்டிய இடத்தில், ஓயாமல் துடிக்கும் மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்தாள். பட்டனை அழுத்தினாள். மோட்டார் நின்றது. திருகி எடுத்து மறுபடி அழுத்தினாள், நின்றது. தேநீர் ஆறிப்போகும்வரை இப்படியே நடந்தது. பிறகு ஒருமுறை பட்டன் உள்ளே போனது, மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கவே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சிப்பின் ஒரு காலில் பட்டன், பக்கத்துக் காலில் மிதவை. எந்தக் காலில் மின்னழுத்தம் விழுந்தாலும் சிப் தான் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஒரு சிறு நிரலுக்கு ஓடும். குறுக்கீடு என்பது அதுதான். கூப்பிட்டது எந்தக் கால் என்று தெரிய, சிப் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொடி ஏற்றி வைக்கும். நிரல் அந்தக் காலைக் கவனித்துவிட்டு அதன் கொடியை மட்டும் இறக்க வேண்டும். இந்த நிரல் மிதவையின் கொடியை இறக்கும்போது, ஏறியிருந்த எல்லாக் கொடிகளையும் சேர்த்து இறக்கியது. அந்தக் கண்ணிமைப்பில் பட்டனும் கூப்பிட்டிருந்தால், அந்தக் கூப்பாடு யார் காதிலும் விழாமல் அழிந்துபோகும். அமைதியான நாளில் இரண்டும் மோதிக்கொள்ள வாய்ப்பே இல்லை. நுரை பொங்கி மிதவை துடிக்கும் நாளில் உண்டு.

இன்னொன்றும் இருந்தது. பட்டன் கீழே விழும் அந்தக் கணத்தைத்தான் நிரல் பார்த்தது. விழுந்து கிடப்பதைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மாட்டிக்கொண்ட பட்டனை எத்தனை குத்தினாலும், தலையால் முட்டினாலும், சிப்புக்கு அது ஒன்றுமே இல்லை.

நிரலை எழுதியவன் வஜ்தி. அவளுக்கு அடுத்த மேசை. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனே அழுத்திப் பார்த்தான். மோட்டார் சுற்றியபோது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"சமக்குறிக்கு முன்னாடி ஒரு கோடு. அதான் எல்லாக் கொடியையும் சேத்து எறக்குது," என்றான். "அத எடுத்தா சரியாயிடும். ஒரே ஒரு கோடு."

"ஆமா."

"ரிலே இருந்திருந்தா இந்தக் கோடு ஒண்ணும் செஞ்சிருக்காது."

அதுவும் உண்மை. பட்டனின் கம்பி, ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாக, மோட்டாரின் மின்சாரத்தை நேராகவே அறுக்கும்படிதான் முதலில் வரைந்திருந்தார்கள். நிரல் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், மோட்டார் நின்றிருக்கும். பலகையைச் சின்னதாக்க வேண்டும் என்று நிஸார்தான் ஒரு கூட்டத்தில் அந்த ரிலேயை எடுக்கச் சொன்னார். கூடாது என்று அந்த அறையில் வாய்திறந்த ஒரே ஆள் வஜ்தி. சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்து நிரலை எழுதியவனும் அவன்தான்.

"ஜெர்மனி விசா இன்னும் கைல வரல ரவ்தா."

"தெரியும்."

"வர்ற வரைக்கும் பொறுத்துக்கயேன்."

"இதே போர்டு இன்னும் எத்தன ஆலையில ஓடுதுன்னு உனக்குத் தெரியாதா? எல்லாத்துலயும் இப்ப தக்காளிதான்."

அவன் பட்டனைத் திருகி மேலே எடுத்தான்.

ரவ்தா போய்ச் சொன்னதை நிஸார் பொறுமையாகக் கேட்டார். குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை அவர். "கண்டுபுடிச்சிட்டியா, கெட்டிக்காரி. மாத்தி எழுதுங்க. சீசன் முடிஞ்சதும் அப்டேட்டுன்னு சொல்லி எல்லாத்துலயும் ஏத்திடலாம். சத்தமில்லாம."

"அதுவரைக்கும் மெஷின் ஓடுமே சார்?"

"இத்தன நாள் ஓடலையா?"

"ஓடுச்சு. அதனாலதான் அந்த அக்காவுக்குக் கை இல்ல."

"கதவச் சாத்து." சாத்தினாள். "இது வெளிய போனா கம்பெனி போச்சு. உன் வேலையும் சேர்ந்துதான். அதையும் மீறி எவனாவது கேட்டா, எழுதினவன் வஜ்தி. பலகை என்னோடது, பிழை அவனோடது. உன் ஃப்ரெண்ட நீயே மாட்டி விடப்போறியா?"

ரவ்தா வெளியே நடைக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு ஆலைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தாள்.

மென்ஸல் தெமீம் ஊர் ஆலையில் ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டு நிறுத்துவதாகச் சொன்னார். அடுத்தவர், "சீசன் நடுவுல மெஷின நிறுத்தச் சொல்றியே மகளே, போட்டிக் கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று சிரித்தார். மூன்றாமவர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

வஜ்தி அறையிலிருந்து வெளியே வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவள் கையிலிருந்த போனை அவன் வாங்கினான். வைத்துவிட்டவரையே மறுபடி கூப்பிட்டான்.

"அந்தப் பொண்ணு சொன்னது நெசம். அந்த நிரல எழுதினவன் நான்தான். என் பேரு வஜ்தி. சிவப்புப் பட்டன நம்பாதீங்க. பட்டன் கம்பிய நேரா மோட்டாருக்குப் போட்டுட்டு அப்புறம் ஓட்டுங்க. எலக்ட்ரீஷியன் இருக்கானா? குடுங்க, நானே சொல்றேன்."

அவனை நம்பினார்கள். தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு பேசுகிறவனை எப்படி நம்பாமல் இருப்பது? மதியத்துக்குள் எல்லா ஆலைகளும் கம்பியை மாற்றிவிட்டன.

அந்தப் பேச்சுதான் அவன் கழுத்துக்குக் கயிறானது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், தானே எழுதியதாகவும் தவறு தன்னுடையதென்றும் வஜ்தி சொன்னதாக ஆலைக்காரர்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். நிஸார் ரிலே போட்டிருந்த பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். பட்டறையில் பலகை செய்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள், தனக்கே இப்போதுதான் தெரியும் என்றார். எடுக்கச் சொன்னது அவர்தான் என்று ரவ்தா எழுந்து சொன்னாள். அன்றைக்கு அந்த அறையில் இருந்த மற்றவர்கள் ஞாபகம் இல்லை என்றார்கள். அவர்களுக்கு அங்கே வேலை இருந்தது. அவளுக்கு அப்போது இல்லை.

வஜ்தியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா வந்தது. வந்து, காலாவதியும் ஆனது.

மழைக்காலத்தில் ரவ்தா கோர்பாவுக்குப் போனாள். தாஹர் வீட்டில்தான் இருந்தான். உட்காரச் சொன்னான். அவள் நின்றபடியே சொன்னாள்: "அக்கா அழுத்தினாங்க. முதல் தடவையே சரியா அழுத்தினாங்க. மெஷின்தான் கேக்கல. விசாரணையிலயும் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்காங்க."

தாஹர் மனைவியைப் பார்க்கவில்லை. சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"அந்த முடிவு தெரிஞ்சதுலேர்ந்து அவரு எங்கிட்ட சரியாப் பேசுறதே இல்ல," என்றாள் மன்னூபியா. "முந்தி திட்டுவாரு. அதுகூடப் பரவால்ல." முக்காலியை இடது கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதினவன் யாரு?"

"எங்கூட வேலை பாத்தவன்."

"இப்ப என்ன பண்றான்?"

"கோர்ட்டுக்கு அலையறான்."

"அலையட்டும்."

மற்ற ஆலைகளை நிறுத்தியது அவன்தான் என்று ரவ்தா சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. இந்த வீட்டில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"மொதலாளி?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலக்கா."

"ஆகாது," என்றாள் மன்னூபியா, மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

ரவ்தா கிளம்ப எழுந்தாள். மன்னூபியா தோளில் சரிந்து கிடந்த தலைத்துணியை இழுத்துத் தலையில் போட்டாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுமுனையை இடது கையால் சுற்றப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டே போனது.

"இந்த முடிச்ச மட்டும் போட்டுட்டுப் போ," என்றாள்.

ரவ்தா அவள் பின்னால் போய் நின்று முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு தளர்வாக விழுந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள்.