கஸ்பரின் இரண்டாவது கொப்பி

நிரூபாவுக்குக் கால் உளைந்தது. புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்னில் உள்ள அந்த நூலகத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்பது பேருக்குத்தான். கதிரை அடுக்குவதும் அவள், தேத்தண்ணி ஊற்றுவதும் அவள், கடைசியில் கோப்பை கழுவுவதும் அவள். அமெரிக்க வரலாற்றில் பேர் தெரியாத சனங்களைப் பற்றித் தமிழில் நாலு புதன்கிழமைப் பேச்சு. முதல் கிழமை ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வெளியே குளிரென்று ஒதுங்கியவர்கள்.

மூன்றாம் கிழமைதான் வினை. அடிமைமுறை ஒழிந்த பிறகு, சிறுவயதில் விற்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்தகப்பன் பத்திரிகைகளில் போட்ட அறிவித்தல்களைத் தமிழாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தாள். 'என் மகளை எட்டு வயதில் விற்றார்கள். இடது புருவத்தில் தழும்பு. போதகர்மார் இதைச் சபையில் வாசிக்கவும்' என்று ஒரு தாய். போகிற போக்கில் எல்லோருக்கும் ஒரு தாளும் கொடுத்தாள். யாரைத் தேடுகிறீர்கள்? கடைசியாக எங்கே கண்டீர்கள்? அவருக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? எழுதிப் பார்க்கிற பயிற்சி, அவ்வளவுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை.

நாலாம் புதன் கதவைத் திறந்தவள் திகைத்துப்போனாள். முப்பது கதிரையும் நிறைந்து சுவரோரமெல்லாம் ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் பிளாஸ்ரிக் உறை. உறைக்குள், கைக்குக் கை மாறிப் பிரதியெடுத்த அவளுடைய தாள், பாஸ்போட் படம், பழைய அடையாள அட்டையின் நகல் கொப்பி. எல்லாம் இரண்டிரண்டு. ஒன்று கொடுப்பதற்கு, மற்றது, கிடைத்ததென்று முத்திரை குத்தி வாங்கி வைத்திருப்பதற்கு. ஊரில் போரில் காணாமல் போனவர்களுக்காக அரசாங்கத்தின் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிய சனம். கேள்வி போட்ட தாளைக் கண்டால் படிவமென்றுதான் நினைக்கும். இது தெரிய வேண்டாமா, மடைச்சி! காணாமல் போன தன் அண்ணன் வாகீசனுக்காக அம்மாவே பதினொரு படிவம் நிரப்பினாளே! அம்மா செத்து மூன்று வருசம். அந்தப் பைலைத் திறக்க நிரூபாவுக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

கண்ணாடிக்கு வெளியே மனேஜர் கூட்டத்தைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். போய்த் துலை என்று மனதுக்குள் சொன்னாள்.

முன்வரிசையில் மன்னார்க் கஸ்பர் எழும்பினார். எழுபது தாண்டிய மனிதர். ஒவ்வொரு புதனும் முதல் ஆளாக வருகிறவர்.

"பிள்ளை, முடிவு தபாலில வருமோ, நாங்கள் வந்து கேக்கோணுமோ?"

இனி மறைத்துப் பயனில்லை.

"அங்கிள், உது படிவமில்லை. சும்மா எழுதிப் பாக்கத்தான் தந்தனான். இதை வச்சு எங்களால ஒருத்தரையும் தேடேலாது. என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எங்கட சீவியம் இவைக்கு விளையாட்டாப் போச்சு!" என்றது பின்னால் ஒரு பெண் குரல். கதிரைகள் உரசின. பாதிப் பேர் போய்விட்டார்கள். நிரூபாவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்ப் படுக்கலாம் போலிருந்தது.

கஸ்பர் போகவில்லை. சுவரில் அந்தத் தாயின் அறிவித்தலுக்கு முன்னால் நின்றார்.

"இந்த மனுசிக்கு மகள் கிடைச்சாளோ?"

"தெரியாது அங்கிள். பிறகு ஒரு தகவலும் இல்லை."

"ஆனா பேப்பர்காரன் இந்த அறிவித்தலைக் கையில வேண்டினவன்தானே?"

"ஓம்."

"அவனும் தேடிக் குடுக்கேல்லை. வேண்டிப் பேப்பரில போட்டவன். அதாலதானே அந்தப் பிள்ளையின்ர தழும்பு உங்களுக்குத் தெரியும்." உறையை நீட்டினார். "என்ர மகன் ஜூலியசுக்கு நாடியில மச்சம். கேக்கத் தெரிஞ்ச உங்களுக்குக் கையில வேண்டத் தெரியாதோ?"

நிரூபாவுக்கு அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

மேசை லாச்சியைத் திறந்தாள். முந்தி புத்தகங்களுக்குத் திகதி குத்திய முத்திரை, மூலையில் கிடந்தது. அன்றைய திகதிக்குத் திருப்பி, அவருடைய இரண்டு கொப்பியிலும் குத்தினாள். ஒன்றை அந்தத் தாயின் அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மற்றதைக் கஸ்பரிடம் கொடுத்தாள். மிச்சம் இருந்தவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

கஸ்பர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, திகதி வடிவாத் தெரியேல்லை. பிறகு பிரச்சினை வரும். இன்னொருக்காக் குத்துங்கோ."

நிரூபா முத்திரையை மையில் நன்றாக அழுத்தி, இன்னொரு தரம் குத்தினாள்.