டத்தோ வந்து திறக்கட்டும்

கம்ப்யூட்டருக்குத் திரைச்சீலை தைத்த ஒரே பெண் இந்த மலேசியாவில் நானாகத்தான் இருப்பேன். சிவப்பு வெல்வெட்டுத் துணி, ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். நடுவில் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் மெல்ல ஒதுங்க வேண்டும். அதை வரைந்து அசைய வைப்பதற்குள் எனக்குக் கண் பூத்துப்போனது. ஒரு கராத்தே கழகத்தின் இணைய அகப்பக்கத்துக்குத் திரைச்சீலை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"திறப்பு விழான்னா எதையாவது திறக்கணுமில்ல?" என்றார் கழகத்தின் தலைவர் தம்புசாமி.

அது 1999. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் நான் வேலை பார்த்தேன். பகலில் பரீட்சை முடித்த பெண்களுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுப்பேன். சாயங்காலம் அகப்பக்கம் செய்துகொடுப்பேன். இணையம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் நேம் கார்டில் மூன்று டபிள்யூ போட்டுக்கொள்ள ஆசை வந்திருந்த காலம். மளிகைக்கடைக்காரர், ஜோசியர், பந்தல் போடுகிறவர் என்று யார் யாரோ மாடியேறி வருவார்கள். கராத்தே கழகத்துக்கு மட்டும் நானே வலியப் போய்ச் செய்துகொடுக்கிறேன் என்றேன். என் தங்கை வள்ளியம்மாவுக்காக.

வள்ளி கறுப்பு பெல்ட். பிரிக்பீல்ட்ஸ் சமூக மண்டபத்தில் சனி ஞாயிறுகளில் அந்தக் கழகத்தின் பெண்பிள்ளைகளுக்கு அவள்தான் கராத்தே சொல்லிக்கொடுத்தாள். மற்ற நாட்களில் சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி, ரயிலேறி, ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் போய் நிற்பாள். அங்கே பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக் கம்பி ஒட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். சனிக்கிழமை வந்தால் அதே பெண்ணை அடையாளம் தெரியாது. முப்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் நிமிர வைப்பாள்.

கோலாலம்பூரில் நடந்த ஒரு போட்டியில் அவள் பிள்ளைகளைத் தயார் செய்வதை ஹெலன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி பார்த்தார். பெர்த்தில் அவருக்கும் சிலருக்கும் சேர்த்து ஒரு கராத்தே பள்ளி இருந்தது. பெண்பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு பெண் ஆசிரியர் தேவை, இரண்டு வருடம், வருகிறாயா என்று கேட்டார். வள்ளி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் என் முன்னால் உட்கார்ந்தாள். "அக்கா, கராத்தே மட்டுமே சொல்லிக்கொடுத்துப் பொழைக்கலாமாம்" என்றாள். அவள் ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஹெலனுக்குச் சம்மதம். ஆனால் அவருடைய நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் சந்தேகப் பிராணிகள். அதற்கு முன்னால் யாரோ ஒருவன் நாலு போட்டோவை அனுப்பி, இல்லாத பள்ளிக்கு ஆசிரியன் என்று சொல்லி அவர்களை ஏமாற்றியிருக்கிறான். அதனால் இந்த முறை பள்ளி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்களாம். உங்கள் கழகத்துக்கு அகப்பக்கம் இருக்கிறதா, எங்கள் குழு சனிக்கிழமை கூடுகிறது, அதற்குள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஹெலன் இமெயில் அனுப்பியிருந்தார். அந்தச் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

எனக்கு அது ஒரு வேலையே இல்லை. ஐந்து நாளில் முடித்தேன். முதல் பக்கத்தில் வள்ளி காலைத் தூக்கி உதைக்கிற படம், அடுத்து வகுப்பு நேரம், பிள்ளைகளின் படங்கள், வாங்கிய கோப்பைகள் என்று எல்லாம் இருந்தது. கீழே, இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண் பலகையும் வைத்தேன். தலைவரிடம் காட்டினேன். மனிதர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். வள்ளிக்குப் பெர்த் வாய்ப்பு என்று கேள்விப்பட்டதும் மண்டபத்தில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக்கொடுத்தவர் அவர். அதனால்தான் அவரை முழுசாகத் திட்டவும் என்னால் முடிவதில்லை.

"இதைச் சும்மா திறந்துடக் கூடாது, சீதா. டத்தோவை வெச்சுத் திறக்கணும்" என்றார்.

டத்தோ என்பது அரசாங்கம் கொடுக்கிற பட்டம், எங்கள் வட்டார அரசியல்வாதி ஒருவருக்கு அது இருந்தது. நம் ஆட்களைத் தெரியாதா? தண்ணீர்க் குழாய் போட்டாலும் ரிப்பன் கட்டுவார்கள். ஆனால் விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றார். பெர்த் குழு கூடுவது அதற்கடுத்த சனிக்கிழமை. சரி, இடையில் ஆறு நாள் இருக்கிறதே, அவர் ஆசை, போகட்டும் என்று விட்டேன். திரைச்சீலையையும் தைத்துக்கொடுத்தேன். முகவரியைத் தட்டினால் அந்தச் சிவப்புத் திரை வரும். அதன்மேல் டத்தோவின் படம், கீழே "விரைவில் திறப்பு விழா". டத்தோ தொட்டால்தான் விலக வேண்டும், வேறு யார் தொட்டாலும் அசையக் கூடாது என்பது தலைவரின் கண்டிப்பான உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழைமரம் கட்டி, குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றிய பிறகு டத்தோவின் உதவியாளர் போன் செய்தார். டத்தோ ஈப்போவுக்குப் போய்விட்டாராம். புதன்கிழமை வருவாராம். அவித்த கொண்டைக்கடலையைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். புதன்கிழமை வந்தது. டத்தோவுக்குக் கூட்டம், அடுத்த ஞாயிறு நிச்சயம் என்றார்கள். அடுத்த ஞாயிறு என்றால் பெர்த் குழு கூடி முடிந்த மறுநாள்.

புதன் சாயங்காலமே வள்ளியைக் கூட்டிக்கொண்டு தலைவரின் வீட்டுக்குப் போனேன். வள்ளி வாசலிலேயே குனிந்து வணங்கினாள். கராத்தே மண்டபத்துப் பழக்கம், அவரை எங்கே பார்த்தாலும் அவளுக்கு முதுகு தானாக வளையும். நான் வணங்கவில்லை.

"தலைவரே, சனிக்கெழமைக்குள்ள அவங்க பாக்கணும் லா. ஒரே ஒரு நாளைக்குத் திரையை எடுத்துடறேன். ஞாயித்துக்கெழமை மறுபடியும் போட்டுக்கலாம், யாருக்கும் தெரியாது" என்றேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். பாவி மனிதர், நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்.

"டத்தோவுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாக்காரங்க பாத்துட்டா, அப்புறம் டத்தோ வந்து எதம்மா திறக்குறது?"

அது கட்டடம் இல்லை, நூறு தடவை திறக்கலாம், நூறு தடவை மூடலாம், யாரும் பார்த்ததால் அது தேய்ந்துபோகாது என்றெல்லாம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் எழுந்து போய் டத்தோவின் உதவியாளருக்குப் போன் போட்டார். எதிரில் ஆள் நிற்பதுபோல் விறைப்பாக நின்றுகொண்டுதான் பேசினார். சனிக்கிழமை காலையில் ஐந்து நிமிடம் போதும், டத்தோ இருக்கிற இடத்துக்கே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று கெஞ்சினார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, "சரிங்க பொஸ், சரிங்க பொஸ்" என்று சொல்லிப் போனை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. இந்த ஆளுக்கும் வழி தெரியவில்லை.

"கவலைப்படாதேம்மா. டத்தோ திறந்து வெச்ச பக்கம்னா வெள்ளைக்காரனே எழுந்து நிப்பான். உனக்குத்தான் அந்தப் பெருமை" என்று வள்ளியிடம் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். டத்தோ யாரென்றே பெர்த்தில் ஒரு குருவிக்கும் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை செயலாளர் அய்யாவுவைப் பிடித்தேன். அகப்பக்கத்தில் எதை மாற்றவும் ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அது அவரிடம்தான் இருந்தது. கழகத்துச் சாவி என்று சொல்லி எனக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் மாடிக்கு ஏறி வந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கை ஒற்றை விரலால் அவரே தட்டுவார். அண்ணே, உங்களுக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரே ஒரு தடவை தட்டிக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலைவர் சொல்லாமல் தட்ட மாட்டேன் என்றார். அழுதுகொண்டே மாட்டேன் என்கிற ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விடவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் அதே பக்கங்களைப் போட்டு ஹெலனுக்கு முகவரி அனுப்பினேன். படங்களையும் தனியாக அனுப்பினேன். அன்பாகத்தான் பதில் எழுதினார். தனக்கு வள்ளியைத் தெரியும், ஆனால் அந்த ஏமாற்றுக்காரனும் இப்படி இலவச இடத்தில்தான் பக்கம் வைத்திருந்தான், குழு கழகத்தின் சொந்த முகவரியைத்தான் பார்க்கும் என்று எழுதியிருந்தார். வேலை நடக்கிறது போலிருக்கிறது, சனிக்கிழமைக்குள் திறந்துவிடுவீர்கள்தானே என்றும் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை வள்ளி வழக்கம்போல வகுப்பு எடுத்தாள். நான் மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெர்த்தில் அந்த நேரத்தில் யாரோ முகவரியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். சிவப்புத் திரைக்குமேல் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் சிரிப்பார். அழுத்திப் பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. அந்தத் திரையை அவ்வளவு நன்றாகப் பூட்டியவளே நான்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலமே இமெயில் வந்துவிட்டது. குழு நீண்ட நேரம் பேசியதாம். அந்த முகவரியில் பள்ளி எதுவும் தென்படவில்லை, யாரோ ஒரு அரசியல்வாதியின் பக்கம்போல் இருந்தது என்று சொன்னார்களாம். வேறொரு நாட்டுப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். தனக்கு மிகவும் வருத்தம் என்று ஹெலன் எழுதியிருந்தார். வள்ளி அதை இரண்டு தடவை படித்தாள். "தலைவர்கிட்ட இப்ப சொல்லாதக்கா. நாளைக்கு விழா. பாவம், மனுஷன் ஒடஞ்சி போயிடுவாரு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத்தான் முதலில் அறைந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் அய்யாவு மாடிக்கு வந்தார். எண் பலகையைப் பூஜ்யம் ஆக்க வேண்டுமாம். முதன்முதலாகப் பார்த்தவர் டத்தோ என்று வர வேண்டும், தலைவர் சொன்னார் என்றார். கையை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டிக்கொடுத்தார். டத்தோ தொட்டதும் விலகும்படி திரையின் பூட்டை முதலில் எடுத்தேன். யார் யார் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்ற விவரம் எனக்குத் திரையில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சனிக்கிழமை மட்டும் பதினோரு தடவை வந்திருக்கிறார்கள். காலையில் வந்திருக்கிறார்கள், மதியம் வந்திருக்கிறார்கள், கூட்டம் நடக்கும்போதும் வந்திருக்கிறார்கள். வள்ளியைப் பார்க்கத்தான் அத்தனை தடவை கதவைத் தட்டியிருக்கிறார்கள். கை வராமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வள்ளி, "அழிச்சிடுக்கா" என்றாள். அழித்தேன்.

டத்தோ அன்றைக்கு வந்தார். ஒரு மணி நேரம் தாமதம், ஆனாலும் வந்தார். மேசையில் ஜரிகைத் துண்டு விரித்துக் கம்ப்யூட்டரை வைத்து, அதற்கு மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடையும் கறுப்பு பெல்ட்டுமாக வள்ளி வெள்ளித்தட்டை ஏந்தி நின்றாள். தட்டில் ரோஜா இதழ், இதழுக்கு நடுவில் மவுஸ், அதன் வால் தொங்கி மேசைவரை போயிருந்தது. டத்தோ மவுஸை எடுத்து ரிமோட் கன்ட்ரோல்போல் நீட்டிப் பிடித்து அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. வள்ளிதான் தட்டை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, அவர் கையை மெல்லப் பிடித்து மேசைமேல் வைத்து நகர்த்திக்கொடுத்தாள்.

திரை விலகியது. மோடம் மெதுவாக இழுத்ததால் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் இறுகக் கட்டிய கூந்தல், பிறகு கண்கள், பிறகு முஷ்டி, கடைசியில் வானத்தைப் பார்த்துத் தூக்கிய கால். மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. கீழே எண் பலகை ஒன்று என்று காட்டியது. "முதல் ஆள் நம்ம டத்தோ!" என்று தலைவர் மைக்கில் சொன்னார். டத்தோ சிரித்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், டீ குடிக்காமல் போய்விட்டார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் தலைவர் வியர்த்து விறுவிறுக்க எங்களிடம் வந்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. வள்ளியின் தோளைத் தட்டினார்.

"அவ்வளவுதாம்மா, திறந்தாச்சு. இப்பவே பெர்த்துக்கு எழுதிப் போடு. நல்லா பாக்கச் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். வள்ளி என்னைப் பார்த்தாள். நான் மூடிக்கொண்டேன்.

"சரிங்க தலைவரே" என்று சொல்லி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் குனிந்து வணங்கினாள். ரோஜா இதழ்கள் தரையில் சிந்தின. அவளே உட்கார்ந்து பொறுக்கினாள்.